பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்

வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொள்ளப் பெரிய செலவு வேண்டாம். சுட்ட சிப்பி, வடித்த கஞ்சி, துளி நீலம், அவ்வளவுதான். என் மாமியார் செய்யும்போது கூட நின்று பார்த்ததுதான். கேட்டால், "கண்ணு எதுக்கு இருக்கு ஒனக்கு?" என்பாள். எங்கள் இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றுப்பாய்ச்சல் ஊர் அது. நான் வாக்கப்பட்டுப் போன கொஞ்ச நாளிலேயே என் புருஷன் கடை வேலைக்கென்று கொழும்புக்குக் கப்பல் ஏறினார். வருகிற போகிற ஆட்களிடம் சேதி சொல்லி விடுவார். பிறகு அதுவும் நின்றது. ஒரு கார்த்திகையில் அங்கிருந்து திரும்பிய ஒருவர், அவர் வேலை பார்த்த தெருவில் பேதி கண்டு நம் பக்கத்து ஆட்கள் சிலர் போய்விட்டதாகச் சொன்னார். யார் யாரென்று அவருக்கே தெரியாது. ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, பாருங்கள்!

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் பொங்கல் கிடையாது. வெள்ளையடிக்க மாட்டார்கள், கோலம் போட மாட்டார்கள். தெருவில் நடந்தாலே எந்த வீட்டில் துக்கம் என்று தெரிந்துவிடும். அந்த மார்கழி முழுக்க ஊரே எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் அப்படியே கிடந்தால் அவர் செத்தவர், நான் தாலியறுத்தவள். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

கொழுந்தனார் பைய ஆரம்பித்தார். "இந்த வருசம் வெள்ளையடிக்க வேண்டாம்மா. நாலு பேரு பேசுதாவ."

மாமியார் உலக்கையைக் கீழே போட்டாள். "ஏலே, எம் மவன் செத்ததை நீ பாத்தியா? பாக்கலல்லா? பெறவு என்னத்துக்கு வாயத் திறக்க? போய்ச் சிப்பி வாங்கிட்டு வா."

தொட்டியில் சிப்பியைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் பொங்கியது. மறுநாள் பழஞ்சேலையில் வடிகட்டி, காய்ந்தபின் கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சி ஊற்றி, வெண்மை தூக்கிக் காட்ட நீலம் கலந்தாள். தாழை விழுதின் நுனியை நசுக்கிச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையாக்கி, அடிச்சுவரை அவள் அடித்தாள், மேல் சுவரை நான் அடித்தேன். "ஏட்டி, மேலேருந்து கீழ இழு, பெறவு குறுக்க இழு. கோலம் போடுத மாதிரி இழுக்கியே!" கண்ணில் சுண்ணாம்பு தெறித்தபோதுகூட வசவு நிற்கவில்லை. அடுத்து வைக்கோல் கரியைச் சாணியோடு குழைத்துத் தரையை மெழுகினோம். ஓரத்தில் காவிப் பட்டை இழுத்தோம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தோம். பாய்களை ஆற்றில் அலசி மணலில் காயப்போட்டோம்.

பொங்கலன்று வீடு கண்ணைப் பறித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். ஆனாலும் என் நெற்றியில் குங்குமம் இருப்பதை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். அவரும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவள் நம்பினாள். எனக்கு நம்பிக்கை என்றைக்கோ விட்டுப்போயிற்று. அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசி அடைமழையில் அவள் போய்ச் சேர்ந்தாள். நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அந்தப் பொங்கலுக்கு அவளுக்காகச் சுவரைத் தொடவில்லை. மழையில் அழுக்கேறி, பாசி படர்ந்து அது அப்படியே கிடந்தது.

போகிக்கு முந்தின நாள் சொந்தக்காரப் பொம்பளைகள் வந்தார்கள். என் பெரிய மாமியார், அதாவது மாமியாரின் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடுதான் இருண்டு கெடக்கே தாயி. இந்தத் துக்கத்தோட அந்தத் துக்கத்தையும் முடிச்சிருவோம். எத்தன நாளைக்கு இதைக் கழுத்துல போட்டுக்கிட்டு இருப்ப?"

"இது அத்தைக்கு மட்டும்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அவர்கள் மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மார்கழியில் சிப்பி வாங்கிவரச் சொன்னேன். கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "அண்ணன் வருவாம்னு நீங்களும் நம்புதியளா, மைனி?"

"இல்ல" என்றேன். "சுவரு கருத்துக் கெடந்தா எல்லாரும் உள்ள வந்து என் கழுத்தப் பாக்காவ. வெளுத்துருந்தா வாசலோட போயிருதாவ."

அவர் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.