மாப்பிள்ளையின் காலும் என் ஒரு மணித்தியாலமும்

போன மாதம் பாரிஸில் என் சின்னம்மாவின் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. எனவே மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் என் விரலில் போட்டுவிடுகிற மோதிரத்தோடு உள்ளே அழைத்துப்போகிற பொறுப்பு எனக்கு. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே உயர்பதவி!

ரொறன்ரோவிலிருந்து நேரே போயிருக்கலாம். நான்தான் புத்திசாலியாயிற்றே... லண்டனில் நண்பன் வீட்டில் நின்று, கல்யாணத்தன்று காலை பறப்பதாகத் திட்டம்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸிலுள்ள எங்கள் வீட்டிலேயே மனைவி எச்சரித்தாள்.

"முதல் நாளே போய் நில்லுங்கோ."

"என்னப்பா, லண்டனுக்கும் பாரிஸுக்கும் முந்நூற்றைம்பது கிலோமீற்றர்தான். எங்களுக்கு ஒட்டாவாவே அதைவிடத் தூரம். பிளேன்ல ஒரு மணித்தியாலம்."

"உங்கட மணித்தியாலம் எனக்குத் தெரியும்."

இங்கே நாங்கள் தூரத்தை நேரத்தால்தானே அளக்கிறோம்? பக்கத்து ஊரான மார்க்கம் எவ்வளவு தூரம் என்றால் 'அரை மணித்தியாலம்' என்போம். அதில் 401 நெடுஞ்சாலை நெரிசல் இல்லை, பார்க்கிங் தேடுவது இல்லை, சாறிக்கு ஊசி குத்துகிற நேரமும் இல்லை. அந்த அளவுகோலோடுதான் ஐரோப்பாவுக்கும் போனேன்.

எட்டு மணிக்கு பிளேன். ஒன்பதுக்குப் பாரிஸ். மாப்பிள்ளை வருவது பத்தரைக்கு. இடையில் ஒரு கோப்பியும் குடிக்கலாம்!

பிளேன் பிழை விடவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இறங்கிப் போனைப் பார்த்தால்... மணி பத்தைத் தாண்டியிருந்தது. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடும் என்பது எனக்கும் தெரியும் — இறங்கிய பிறகு. போய்ச்சேரும் நேரம் ரிக்கெற்றில் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் புறப்படும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சத்தை மனக்கணக்கில் போட்டிருந்தேன்.

அடுத்த அடி — அந்த மலிவு விமான நிலையத்தின் பெயரில் மட்டும்தான் பாரிஸ் இருந்தது. நகரத்துக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம். பறந்ததைவிட உருண்டது கூட!

பஸ்ஸில் சின்னம்மாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, எங்க நிக்கிறாய்? மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறார்!"

"பாரிஸுக்கு வந்திட்டன் சின்னம்மா. கிட்டத்தான்..."

"கிட்டவெண்டா?"

ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஒரு... மணித்தியாலம்."

"நீ ஆறுதலா வா ராசா. நாங்கள் வேற ஆளைப் பாக்கிறம்."

மண்டபத்துக்குள் நான் ஓடி நுழைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து காரில் வந்திருந்த பெரியம்மாவின் மகன் முன்வரிசையில் இருந்தான். விரலில் மோதிரம். என்னைக் கண்டதும், தேவையே இல்லாமல் அந்தக் கையாலேயே தலைமயிரைக் கோதினான்.

மேடையேறி மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்:

"பரவாயில்லை அண்ணை. வேணுமெண்டா காலை இன்னொருக்காக் கழுவுங்கோ... மோதிரம் மட்டும் ஒண்டுதான் வாங்கினனான்."