நாற்பத்தெட்டாவது கட்டம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வீட்டில் தெரியும், வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் தெரியும், எங்கள் குழுவில் இன்னும் நன்றாகத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களின் ஆன்லைன் குழு அது. பகலெல்லாம் விழுப்புரத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் நான்தான் அதற்கு அட்மின். பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டியதில் பிடித்த பைத்தியம். போகப் போக ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

போன வருடம் குலுக்கலில், ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்றைப் பரிசு கொடுத்தோம். போனில் ஒரு ஆப்பைத் தட்டி நம்பர் எடுத்தேன். விழுந்தது யாருக்கு? என் சித்தப்பா மகனுக்கு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "செட்டிங்", "குடும்ப டிரா" என்று ஒரு வாரம் கிண்டல். சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? ஆத்திரத்தில் குழுவையே மூடப் போய், கடைசி நிமிடத்தில் விட்டேன்.

இந்த வருடம் பரிசு பெரியது. சென்னையில் உதிரிபாகம் விற்கும் ஒருவர் அன்பளிப்பாக ஆசிலாஸ்கோப் ஒன்று அனுப்பிவைத்தார். கம்பிக்குள் மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. எங்கள் ஆட்களுக்கு அது கனவு. அறிவித்த உடனே ஒருவர் எழுதினார்: "இந்த வாட்டியாவது யார் கையும் படாம எடுங்க, பாக்கலாம்." படித்ததும் சுருக்கென்றது. யார் கையும் படாதது இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? அப்போது ஐப்பசி மாதம். மழையே எடுக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

தாமிரப் பூச்சுள்ள ஒரு போர்டை ரசாயனக் கரைசலில் முக்கி நாற்பத்தெட்டுக் கட்டங்களை அரித்து எடுத்தேன். அந்தக் கரைசல் பட்ட குளியலறைத் தரை இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு தாமிரக் கோடுகள். மேலே ஒரு துளி விழுந்தால் இரண்டும் சேர்ந்துவிடும், பஸ்ஸர் அலறும், கட்டத்தின் எண் தெரியும். அதன்பிறகு வேறு எந்தத் துளியையும் அது கண்டுகொள்ளாது. குழுவில் விதியையும் எழுதிப் போட்டேன்: முதல் துளி யார் கட்டத்தில் விழுகிறதோ, பரிசு அவருக்கு. கட்டத்தை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். கடைசியாக வந்தவர் குழுவில் அதுவரை வாயே திறக்காதவர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. "மிச்சம் இருக்கிறதக் குடுங்க" என்று மட்டும் எழுதினார். மிச்சம் இருந்தது மூலையில் நாற்பத்தெட்டு.

முப்பத்தொன்றை எடுத்தவர் திண்டிவனத்து அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. இன்வெர்ட்டர் போர்டு, ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் பழுது பார்ப்பார். கையில் மின்சாரம் அளக்க ஒரே ஒரு மல்ட்டிமீட்டர். மீதியை விரலால் தொட்டும் மூக்கால் மோந்தும் கண்டுபிடித்துவிடுவார். குழுவில் யார் என்ன கேட்டாலும் முதல் பதில் அவருடையதாக இருக்கும். அவர் போனைத் திறந்தால் முகப்பில் ஆசிலாஸ்கோப் படம்தான். பெண்டாட்டி பிள்ளைகள் படத்தை எடுத்துவிட்டு அதை வைத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு விழ வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அட்மின் அப்படி ஆசைப்படலாமா என்று கேட்காதீர்கள், ஆசைப்பட்டேன்.

மழையோ நான்கு நாள் போக்குக் காட்டியது. மேகம் கறுத்தால் போர்டை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், வெளுத்தால் கீழே கொண்டுவருவேன். கோலியனூரில் கொட்டுகிறது, வளவனூரில் தெருவெல்லாம் தண்ணீர் என்று செய்தி வரும். எங்கள் மாடியில் மட்டும் வெயில் காயும். பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்தே கேட்டார்: "இன்னாம்மா, வடாமா காயப் போடற?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகக் காற்று மாறியது. ஒரு கம்பில் போனைக் கட்டி, மேலே குடையை விரித்துவைத்து, குழுவில் நேரலை போட்டேன். போர்டின் மேல் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் டப்பை எல்லோரும் பார்க்கவே எடுத்தேன். வானம் தாழ வந்து நின்றது. எங்கோ மேலே கிளம்பிவிட்ட ஒரு துளி யாருக்குப் போவது என்று தெரியாமலே வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

முதல் துளி விழுந்தது. மூலையில், நாற்பத்தெட்டில். கறுப்பாக ஒரு பொட்டு. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பஸ்ஸர் கத்தவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த துளி விழுந்ததும் பஸ்ஸர் அலறியது. முப்பத்தொன்று! அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, போர்டு முழுக்க நனைந்துவிட்டது. குழுவில் ஒரே கும்மாளம். நம்ம திண்டிவனத்தாருக்கே விழுந்துச்சு, மழைக்குக்கூட மனசு இருக்கு என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். கீழே வந்து போர்டைத் துடைத்து, ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டு, ஈர விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழும் கத்தின. மூலையில் சத்தமே இல்லை. நான்கு நாள் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அந்தக் கட்டத்தின் ஒயர் ஈயத்தை விட்டுக் கழன்றிருந்தது. நான் வைத்த ஈயம்தான், வேறு யாரைத் திட்டுவது?

இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் போன வருடத்துப் பேச்சு மறுபடி கிளம்பும். அதைவிட, அந்த அண்ணன் கையில் வந்ததைப் பிடுங்க வேண்டும். ஜெயித்த மனிதர் அந்த இரண்டு நாளும் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, ஆசிலாஸ்கோப்பையும் போர்டையும் பையில் வைத்து பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது சொல்லிவிடுவது என்று இருந்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சொல்லாவிட்டால்தான் என்ன என்று ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு வாய் திறக்காத ஆள்தானே, என்ன தெரியப்போகிறது? இப்படியும் நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கடையில் அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்கம்மா, டீ சொல்லட்டா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. "டீ இருக்கட்டும்ண்ணா. நான் சொல்றதக் கேட்டுட்டு என்னத் திட்றதா இருந்தா திட்டுங்க" என்று ஆசிலாஸ்கோப் பெட்டியையும் போர்டையும் எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"வீடியோவ நிறுத்தி நிறுத்தி நாலு வாட்டி பாத்தேன். மூலைலதான் மொதல்ல உழுது. ரெண்டு நாளா ஒரே பேஜாரு, சோறு எறங்கல."

"அப்ப ஏண்ணா சொல்லல?"

"ஆசைதான், வேற இன்னா? நீங்க மட்டும் சொல்லலன்னா நான் வச்சிக்கினு இருந்திருப்பேன்மா. சத்தியமா."

சண்டைக்குத் தயாராக வந்தவள் நான். "நானும் கூட்டேரிப்பட்டுல சொல்லவே கூடாதுன்னு நெனச்சேன்ணா" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் மெதுவாக, "ஒரே ஒரு வாட்டி ஆன் பண்ணிப் பாக்கட்டா?" என்றார்.

"அது நாப்பத்தெட்டோட பொருளுண்ணா."

"ஓடுதான்னு பாத்துட்டுத்தானே அனுப்பணும்?"

கழன்ற ஒயரை அவரே ஒட்டினார். ஆசிலாஸ்கோப்பின் ஊசிமுனையை நாற்பத்தெட்டில் மாட்டிவிட்டு, "ஒரு சொட்டு உடுங்கம்மா" என்றார். பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, விரலை நனைத்து ஒரு துளி விட்டேன். தரையோடு கிடந்த கோடு துள்ளி எழுந்து, மேடாக வளைந்து மேலேயே நின்றது. அவர் சட்டென்று பட்டனை அமுக்கி அதை அப்படியே நிறுத்திவைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இவ்வளவு இருக்கிறதா! அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி திரையையே பார்த்தேன்.

"குரூப்ல போட்டுடுங்கம்மா" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். ஈயம் வைத்தது நான், பார்த்தும் பேசாமல் இருந்ததும் நான் என்று. திட்டு விழும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அது ஒரு தடவை அதிர்ந்தது. நாற்பத்தெட்டு எழுதியிருந்தார்.

"நான் அன்னைக்கே பாத்தேன். என் கட்டத்தத்தானே பாத்துட்டு இருந்தேன். கேட்டா தப்பா நெனப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவரவர் கட்டத்தை அவரவர் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்! இது எனக்குத் தோன்றவே இல்லையே. நான் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் எங்களோடு அந்தக் குழுவிலேயே இருந்திருப்பார், எல்லாம் தெரிந்துகொண்டே.

போனை அண்ணனிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். திரையில் அந்தத் துளி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அணைக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. கடைசியில் அவர்தான் அணைத்தார்.

"ஜல்தி அட்ரஸ் கேளுங்கம்மா" என்றபடி ஒயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "கொரியர்காரன் நாலு மணிக்குப் பூட்டிக்கினு பூடுவான்."