கால் திருப்பு கூட, கால் திருப்பு குறைய

கத்தி விற்கும் கடையில் கூர்மையைப் பற்றி யாரும் சண்டை பிடிப்பதில்லை. சண்டையெல்லாம் அது திறக்கும் விதத்தைப் பற்றித்தான். கண்டி நகரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பத்தொன்பது வருடமாகக் கத்திப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். கொஞ்ச காலமாக நன்றாக ஓடுவது தட்டுக் கத்தி. மடக்குக் கத்திதான், ஆனால் நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டியதில்லை. மடக்கியிருக்கும்போது முதுகுப் பக்கம் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுட்டுவிரலால் அதைத் தட்டினால் அலகு பாய்ந்து வந்து பூட்டிக்கொள்ளும். அலகு சுழலும் இடத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. அதை இறுக்கினால் கத்தி முரண்டு பிடிக்கும், தளர்த்தினால் கேட்காமலே திறந்துகொள்ளும்.

எவ்வளவு இறுக்கம் சரி? கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கும் யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கையில் தரமாட்டோம்

எங்கள் கடையில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இருவருக்கும் பகை வரும் என்பது முதலாளியின் நம்பிக்கை. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் அதே நம்பிக்கை. ஆகவே கத்தியைக் கண்ணாடிமேல் வைப்போம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மற்றக் கத்திகளுக்கு இது நல்ல வழக்கம். தட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று கையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாமல் போவதுதான் தொல்லை.

ஒருநாள் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் வந்தார். கத்தியைத் தலைகீழாக எடுத்து, நாக்கை உள்ளங்கைக்குள் புதைத்துக்கொண்டு, மறுபக்கத்தை அமத்து அமத்தென்று அமத்தினார். நான் இன்னொரு கத்தியை எடுத்துத் தட்டிக் காட்டிவிட்டு வைத்தேன். அதையும் அதே மாதிரிதான் எடுத்தார். எனக்கே சந்தேகம் வந்து, திருகாணியைக் கால் திருப்புத் தளர்த்தி, வழக்கம்போல ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விட்டு மறுபடி வைத்தேன். அவர் அமத்திப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீங்க தட்டினா தொறக்குது, நான் தட்டினா தொறக்கல்ல. கத்தியோட ஒங்களையும் சேத்துத் தருவீங்களா?"

ஒரு விரல்

தவமணி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு மரக்கன்றுத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது ரோலரில் அகப்பட்டு இடக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. மிச்ச மூன்றும் மடங்குவதில்லை. அந்தக் கையால் கன்றைச் சாய்த்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வெட்டுவது, வெட்டிய கத்தியை மண் படாமல் மடக்குவது, அடுத்த கன்றுக்குத் திறப்பது எல்லாம் வலக்கை ஒன்றினால் நடக்க வேண்டும்.

மடங்காத கத்தி வாங்கினால் என்ன என்று நானும் கேட்டேன். அதை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்ததில் ஒருமுறை தொடை கிழிந்திருக்கிறது. அதன்பிறகு பழைய மடக்குக் கத்தி ஒன்றைப் பல்லால் கடித்துத் திறந்து வந்திருக்கிறார். மற்றவர்கள் ஒரு தட்டுக் கன்று முடிக்கும் நேரத்தில் அவருக்கு அரைத் தட்டுத்தான் முடிகிறது. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று தோட்டத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டாராம். மாசக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. பெட்டியிலிருந்து புதுக் கத்தி எடுத்து, கால் திருப்புத் தளர்த்தி, எண்ணெய் விட்டு வைத்தேன். அவர் தட்டினார். பட்டென்று திறந்தது. ஐந்தாறு தடவை திறந்து மூடினார்.

"இந்த ஒரு வெரலுக்குக் கட்டுப்பட்டாப் போதும்ண்ணே, மத்ததெல்லாம் கணக்குலயே இல்ல."

கெலிஓயா பஸ்ஸில்

அதே நாள், அதே பெட்டி, அதே கால் திருப்பு. வாங்கியவர் கெலிஓயாவில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் நாநா, சாக்குக் கயிறு வெட்டுவதற்காக வாங்கிப் போனார். மூன்றாம் நாள் வந்து கத்தியைக் கண்ணாடிமேல் வைத்தார், அதற்குப் பக்கத்தில் கிழிந்த காற்சட்டைப் பொக்கட்டையும் இழுத்துக் காட்டினார். பஸ்ஸில் ஃபோன் எடுக்கப் பொக்கட்டுக்குள் கை விட்டிருக்கிறார். ஃபோனோடு கத்தியும் கிளம்பி வந்து, வருகிற வழியிலேயே திறந்துகொண்டது. ஆளுக்குக் காயமில்லை. நான் மன்னிப்புக் கேட்டுக் கால் திருப்பு இறுக்கினேன்.

"மன்னிப்பு என்னத்துக்குத் தம்பி, கத்தி பாஞ்சதப் பாத்து பக்கத்துல இருந்த மனிசன் பாஞ்சிட்டார், கெலிஓயா வரைக்கும் ரெண்டு சீட்டும் எனக்குத்தான்."

சத்தம்

பேராதனையில் படிக்கிற வடக்குப் பையன் ஒருவன் வந்து பதினொரு கத்தியைத் திறந்து மூடினான். ஒவ்வொன்றையும் காதோடு வைத்துத் தட்டினான். இறுக்கமா, தளர்வா என்று கேட்டேன். இரண்டுமில்லை, திறக்கும்போது வருகிற சத்தம் சரியில்லை என்றான். சத்தத்துக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் இறுக்கினேன், கொஞ்சம் தளர்த்தினேன். என் கண்ணுக்கு, சரி, காதுக்கு, எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. இதை வைத்து என்ன வெட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"வெட்டவோ? ஐயோ, எனக்குக் கத்தியெண்டாலே பயம் அண்ணை, சும்மா திறந்து திறந்து மூடத்தான்."

இங்கே திறக்கிறது

தவமணி ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். கத்தி திறக்க மாட்டேனென்கிறது என்றார். பை நிறைய மரக்கறியும், அதற்கடியில் கத்தியுமாக வந்திருந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி. எடுத்துத் தட்டினேன், திறந்தது. அவரைத் தட்டச் சொன்னேன், அப்போதும் திறந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு கால் திருப்புத் தளர்த்தி, எண்ணெய் இரண்டு சொட்டாக விட்டு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே முறைப்பாடு. மறுபடியும் கடையில் நன்றாகத் திறந்தது. இதற்குமேல் தளர்த்தினால் திருகாணி கழன்று விழும். எங்கள் கடையில் என்னைவிடப் பழைய ஆள் ரிஸ்வான் நாநா. பூட்டு, கதவுப் பிணைச்சல் பகுதியில் நின்றபடியே, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், "கத்தில ஒண்டும் இல்ல சேகர், பிழை கைலதான் ஈக்கி" என்றார். தவமணிக்குக் கேட்டுவிட்டது. கோபப்படவில்லை. கத்தியை ஒருமுறை தட்டித் திறந்து, தொடையில் வைத்து மடக்கினார்.

"நாநா, நான் பஸ் ஏறுறப்ப கைய மாத்திக்கிட்டு வரல்ல, இங்க தொறக்கிறதும் இதே கைதான்."

ஏழு மணி

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை பூட்டு, அவர்களுக்கு அரை நாள் வேலை. முதல் பஸ் பிடித்து ஹேவாஹெட்டவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று வீட்டிலும் கேட்டார்கள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்தில் இறங்கும்போது ஏழு மணி. எதிரில் நிற்கிறவர் பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிர். தவமணி சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆனைக்கொய்யாக் கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கத்தியைக் கீழே வைத்தார், எடுத்துத் தட்டினேன். அலகு அரைவாசி வந்து நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன். என் விரல்தான் வலித்தது.

திருகாணியைச் சுற்றி மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கன்றுப் பால் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். விரலில் பட்டதும் உருகியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். நான் விட்ட எண்ணெய். எங்கள் கடையில் கத்திகள் இருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள், நாள் முழுக்க எரியும் பல்புக்குக் கீழே. தவமணி வந்ததெல்லாம் நல்ல வெயிலில். குளிருக்கு எண்ணெய் உறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மார்கழி, தையில் என் வீட்டுப் போத்தலும் உறைகிறதுதான். ஆனால் போத்தலுக்குத் தெரிந்தது கத்திக்கும் பொருந்தும் என்று பத்தொன்பது வருடமாக எனக்குத் தோன்றவில்லை. அவர் திறக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, நான் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

மண்ணெண்ணெயில் கழுவினோம். பக்கத்து லயத்தில் தையல் மெஷின் வைத்திருக்கிற வீட்டிலிருந்து மெஷின் எண்ணெய் வந்தது. இப்போது கத்தி லொடலொடவென்று ஆடியது, ஏனென்றால் திருகாணியை அவ்வளவு தளர்த்தியிருந்தேன். அலகு ஆடினால் வெட்டு நேராக வராது, ஒட்டுப் பிடிக்காது. ஒரு தளிரை வெட்டிக் காட்டினார், அலையலையாக இருந்தது. ஆகவே இறுக்கினேன். அவர் தட்டிப் பார்ப்பார், நான் திருப்புவேன். கால் திருப்பு, அதில் பாதி, அதிலும் பாதி. எண்ணிக்கொண்டுதான் வந்தேன், நடுவில் விட்டுப் போய்விட்டது. கடைசியில் ஒரு வெட்டு கண்ணாடி மாதிரி வந்தது. அடுத்த கன்றுக்குக் கத்தி பட்டென்று திறந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தன நாளா கத்திக்குத் தலைக்கு வைக்கிற எண்ணெய வெச்சீங்களே அண்ணே, ஒரு சீப்பும் சேத்துக் குடுத்திருக்கலாமே!"

அடுத்த மாசம்

மாசம் முடிந்தது. தவமணியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நானும் ரிஸ்வான் நாநாவும் தினமும் ஒருமுறை அதைப் பற்றிப் பேசினோம். அடுத்த மாசம் முதல் வாரம், தவமணி கடைக்குள் வந்தார். பின்னாலேயே அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் வந்தார். சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுகிறவர். ஒட்டுக் கட்டும் மற்ற நான்கு பேரின் கன்றுக் கணக்கைத் தவமணி எட்டிப் பிடித்துவிட்டார், அந்த நான்கு பேருக்கும் இதே மாதிரிக் கத்தி வேண்டும் என்றார். நான் விட வேண்டிய மூச்சை ரிஸ்வான் நாநா விட்டார்.

இறுக்கம் எப்படி என்று கேட்டேன். அச்சொட்டாக இவருடைய கத்தி மாதிரியே என்று சொல்லி, தவமணி கண்ணாடிமேல் வைத்த கத்தியை எடுத்துத் தட்டினார். திறக்கவில்லை. கையை மாற்றித் தட்டினார். வெயில் நேரம்தான், மெஷின் எண்ணெய்தான், இரண்டு கையும் பழுதில்லாத மனிதர்தான். இது கெட்டுப்போன கத்தி என்று சொல்லி வைத்துவிட்டார். நான் திருப்புளியை எடுத்துவிட்டேன். தவமணி அதற்குள் கத்தியை எடுத்து, ஒரே தட்டில் திறந்து, மடக்கி, பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தொறக்காட்டி நல்லதுதான் மாத்தயா, யாரும் எரவல் கேக்க மாட்டாங்க."

இப்போதெல்லாம் தட்டுக் கத்தி இறுக்கமா என்று யாராவது கேட்டால், காலையிலா மத்தியானத்திலா, எந்த விரலால் என்று நான் திருப்பிக் கேட்பதில், வந்தவர்களில் மூன்று பேர் பேனாக்கத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.