அந்தக் காணொளிக்குச் சற்று முன்னால் நடந்தது

தார்வோ லெபசாரை உலகத்தில் கோடிப் பேருக்குத் தெரியும். தன் வீடு எந்த மாடியில் என்பது தார்வோவுக்குச் சில நாள் தெரியாது. ஒரு மாடி கூடுதலாக ஏறி வந்து, வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, என் சமையலறையில் உட்கார்ந்துகொள்வான். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு அவன் மனைவி ரீலியைக் கூப்பிடுவேன்.

எங்கள் ஊர் ஓயாவெரே கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரன் அவன். கடைசி ஆட்டத்தின் நடுவே நிதானமாக நடந்து போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கித் தலையசைத்து நன்றி சொன்னான். காணொளி அவ்வளவுதான். ‘உலகிலேயே மரியாதையான ஆட்டக்காரன்’ என்று எவனோ தலைப்பிட, பிரேசிலிலிருந்து இந்தோனேசியா வரை சிரித்தார்கள். வாயைத் திறக்காத எஸ்தோனியனைப் பாருங்கள் என்று எங்கள் நாட்டு ஆட்களும் பெருமையோடு பகிர்ந்தார்கள்.

அதற்குச் சற்று முன்னால், எதிரணிக்காரன் ஒருவனின் தலை இவன் தலையில் மோதியது. இவன் நினைவின்றிக் கிடந்தான். முகத்தில் தண்ணீர் அடித்து, மறுபடி களத்தில் இறக்கிவிட்டார் பயிற்சியாளர். காணொளியில் இது எதுவும் கிடையாது. ஆட்டத்தில் பட்ட காயம் என்று அணி ஒப்புக்கொண்டால்தான் மூளைச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்கும். ரீலி அணியின் செயலாளர் உர்மாஸிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

“நீயே இந்தக் காணொளியைப் பாரேன் ரீலி, எவ்வளவு அழகா நடக்கிறான்! அடிபட்டவன் இப்படியா நடப்பான்?”

“அடிபடாதவன் எதிரணி பெஞ்சுலயா போய் உட்காருவான்?”

“உன் புருஷன் எப்பவுமே கொஞ்சம் அப்படித்தானே! முழுக் காணொளி இருந்தாக் கொண்டா, பேசுவோம்.”

ரீலி அவனுடைய ரசிகர்களிடம் கெஞ்சினாள். முரசு சேர்த்தது, பூனைத்தலை ஒட்டியது என்று விதவிதமாக அனுப்பினார்கள். எல்லாமே அதே வெட்டிய துண்டு. கோடிப் பேர் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியில் பக்கத்து ஊர்ப் பார்வையாளர் ஒருவரின் கைப்பேசியில் முழுதும் கிடைத்தது. மோதும் சத்தம்கூடக் கேட்டது. யார் எடுத்ததோ, எப்போது எடுத்ததோ என்று உர்மாஸ் தட்டிக்கழித்தார். பொறுக்காமல் ரீலி அதை இணையத்தில் போட்டாள்: “இது வேடிக்கை இல்லை. என் கணவருக்குப் பட்ட காயம்.”

‘முதல் பாகம் வந்துடுச்சு!’ என்று கொண்டாடினார்கள். மோதும் இடத்தில் மணியோசை சேர்த்தார்கள். பழையதைவிட இது வேகமாகப் பரவியது.

மறுபடி போனோம். உர்மாஸ் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். “ஊரே சிரிக்குது பாரு. நிஜமாவே பெரிய அடின்னா இத்தனை பேர் சிரிப்பாங்களா, சொல்லு?”

ரீலி எழுந்தாள். கையுறையைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் தார்வோ மாடி மாறி என் வீட்டுக்கு வந்தான். மேசையில் இருந்த என் கைப்பேசியில் அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது, அந்த ஆள் விழுந்தான், எழுந்தான், தள்ளாடினான்.

தார்வோ ரொட்டியைக் கீழே வைத்தான். “யாருங்க இவன்? பாவம், தலையில நல்லா பட்டிருக்கு. இவனை யாரும் வெளிய கூட்டிட்டுப் போகலையா?”

“இல்லை” என்றேன்.

அவன் எழுந்து போய்க் காலணியை மாட்டத் தொடங்கினான். “வாங்க, நாமளாவது போவோம்.”

நான் ரீலியைக் கூப்பிட்டேன்.