பௌர்ணமியன்று தீவைச் சுற்றியவன்

அந்தமானில் ஒரு சின்னத் தீவில் மூன்று வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். ஒரு கடை, ஒரு படகுத்துறை, கொஞ்சம் வீடுகள், மிச்சமெல்லாம் தென்னை. பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். அது வருகிற அன்றுதான் வெங்காயம் வரும், எல்லார் முகத்திலும் களை வரும். எனக்கு ஒரே குறை, அங்கே மலை இல்லை. திருவண்ணாமலைக்காரனுக்கு மலை தெரிந்தால்தான் திசை தெரியும். முதல் வாரம் பள்ளிக்கூடத்துக்கே வழி கேட்டுப் போனேன்.

மனைவி திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். "ஏங்க, வலி எடுக்கறதுக்குள்ள வந்துடுங்க. பயமா இருக்குது" என்று போனில் சொல்லியிருந்தாள். லீவு கிடைத்தது, டிக்கெட்டும் கிடைத்தது. காலை பத்து மணிக்குக் கப்பல். அன்று பௌர்ணமி.

ஊரில் இருந்தவரை ஒரு பௌர்ணமிகூடக் கிரிவலம் தவறியதில்லை என்று தீவு முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். மலை இல்லாவிட்டால் என்ன, தீவு இருக்கிறதே! நல்லபடியாகப் பிரசவமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விடியும்போது செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, தீவை வலப்பக்கம் வைத்துக் கடலோரமாக நடந்தேன். எட்டரைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது. சாமியே வழி விட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பாதி தூரத்தில் மணல் முடிந்து பவளப்பாறை தொடங்கியது. பாதமெல்லாம் கிழிந்தது. பக்தி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னாலும் தண்ணீர், வந்த வழியிலும் தண்ணீர். கரையேறலாம் என்றால் சேறும் அலையாத்திக் காடும், அதில் முதலை வேறு. ஒரு பாறைமேல் ஏறி நின்றேன். ஒன்பதரைக்கு முழங்கால் நனைந்தது. பத்து மணிக்குக் கப்பல் ஊதியது. கையை ஆட்டினேன், கத்தினேன். அது பாட்டுக்குப் போய்விட்டது.

கடைசியில் வலை போட வந்த ஒருவர் படகில் ஏற்றிக்கொண்டார். தமிழர்தான்.

"சார், இன்னைக்கு பௌர்ணமின்னு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் பாதத்தில் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். பௌர்ணமியில் கடல் மிக உயரமாக ஏறும் என்று முந்தின வாரம்தான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன், கரும்பலகையில் நிலாவெல்லாம் வரைந்து. அவர் மகளும் அந்த வகுப்புதான்.

கப்பல் ரிப்பேர் என்று மனைவியிடம் புளுகத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை, உண்மையையே சொன்னேன்.

"உனக்காகத்தான் சுத்தினேன்."

"நான் சுத்தவா சொன்னேன்? வரத்தானேங்க சொன்னேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் மகள் பிறந்தாள். மாமியார் போனைக் குழந்தையின் வாயருகே வைத்தார். வீறிட்டு அழுதது. என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க அத்தை" என்றேன்.

"அப்புறம் பேசறாளாம் மாப்ள" என்றார்.

அடுத்த கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.