என் பெயரில் படித்தவள்

அமெரிக்காவில் என் மகனைச் சார்ட்டர் பள்ளியில் சேர்க்கப் போனபோது, இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம் என்றார்கள். அரசாங்கப் பணத்தில் நடக்கிற பள்ளி, பிள்ளைக்குச் சம்பளம் கட்ட வேண்டாம். ஆனால் மேலிடம் சொன்னபடி ஆடாமல், ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துத் தன் போக்கில் நடத்துவார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். இதனால் மற்ற பள்ளிகள் இளைத்துப்போகின்றன என்று திட்டுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கெல்லாம் எனக்கு அப்புறம். குலுக்கல் என்று கேட்டதுமே நான் மனசால் ரங்கூனில் நாங்கள் இருந்த தாமுவே பேட்டைக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஆறு வயது. ரங்கூனில் பள்ளிக்கூடங்கள் நெடுநாள் பூட்டிக் கிடந்து திறந்திருந்த சமயம். எங்கள் தெருக்கோடிப் புத்த மடத்தில் பெரிய பிக்கு ஒரு பள்ளி நடத்தினார். சம்பளம் இல்லை, மதியம் சோறு உண்டு, எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை. முதல் வகுப்புக்கு நாற்பது இடம். வந்து நின்றதோ நூறு பேருக்கு மேல். பிக்கு யார் சிபாரிசையும் காதில் வாங்காமல், பிள்ளைகளின் பெயரை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொல்லிவிட்டார்.

பர்மாத் தமிழர் வீட்டில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருக்கும். காகிதத்துக்குப் பர்மியப் பெயரில் நான் மா திடா, வீட்டுக்கு வள்ளியம்மை. அப்பா வேலைக்குப் போகிற வழியில் மா திடாவைப் போட்டுவிட்டுப் போனார். அவர் மறந்திருப்பார் என்று நிச்சயமாக நம்பிய அம்மா, மத்தியானம் போய் வள்ளியம்மையைப் போட்டாள். இருவரும் பேசிவைத்து ஒரு காரியம் செய்த சரித்திரம் எங்கள் வீட்டில் இல்லை.

குலுக்கலுக்குப் பக்கத்து வீட்டு மாமியும் எங்களோடு வந்தார். புருஷனை இழந்து, பலகாரம் சுட்டு விற்கிற முஸ்லிம் பெண்மணி. மகள் நூர்ஜஹான் என் சேக்காளி. இங்கே இடம் விழாவிட்டால் அவளும் பலகாரக் கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டாவது சீட்டில் மா திடா வந்தாள். அப்பா எழுந்து நின்றார். முப்பத்தெட்டாவதில் வள்ளியம்மை வந்தாள். அம்மா எழுந்து நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்றும் கண்ணில் நிற்கிறது. நாற்பதும் முடிந்தது. நூர்ஜஹான் வரவில்லை. மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"ரெண்டும் உங்க பிள்ளைதானா?" என்று பிக்கு பர்மியில் கேட்டார்.

அப்பா உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா நூர்ஜஹானின் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஆமா, பயா," என்றாள், பிக்குமாரை அழைக்கிற மரியாதையோடு. "இவ மா திடா. இவ வள்ளியம்மை."

நான் கறுப்பு. அவள் கோதுமை நிறம், தலையில் முக்காடு வேறு. பிக்கு முக்காட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சரி, ரெண்டு பேரையும் சிலேட்டோட அனுப்பு," என்று டின்னை மூடினார்.

அப்பா வழியெல்லாம் குதித்தார். "மடத்துல நின்னு பொய் சொல்றியே புள்ளே, உருப்படுவியா?"

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு எடத்தை வச்சு என்ன செய்ய, பொங்கித் திங்கவா?"

மறுபடி குலுக்கியிருந்தால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு விழுந்திருக்கும். அது இன்றும் என்னை உறுத்தாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு என் துக்கமெல்லாம் வேறு. என் பெயரை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தால்? நாலு வருஷம், வள்ளியம்மை என்று கூப்பிட்டால் அவள்தான் எழுந்தாள். போதாததற்கு அந்தப் பெயருக்கு முதல் மார்க் வேறு வாங்கிக் கொடுத்தாள். வயிற்றெரிச்சலில் ஒருநாள் அவள் பென்சிலை ஒடித்துப்போட்டேன். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் புண்ணியவதிதான். இன்று நினைத்தால் மனம் நிறைந்துவிடுகிறது.

நாலாம் வகுப்பு முடிந்ததும் பிக்கு தம் கையாலேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அவளுடையதில் நூர்ஜஹான் என்று இருந்தது, அவள் வாப்பா பெயரோடு. நாங்கள் யாரும் அவரிடம் வாய் திறந்ததில்லை. அம்மா அதை வாங்கிப் படித்தாள். அப்படியே நெற்றி தரையில் பட விழுந்து, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நானோ, ஒருவழியாக என் பெயர் எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.