மிஷினுக்கு ஒரு பங்கு

இல்லம்மா, உங்கிட்ட யாரோ மாத்தி சொல்லிக்கீறாங்க. ஆஸ்பத்திரி ஹால்ல மிஷினோட போயி நாற்காலி வரிசைல மோதி, சூப்பர்வைசர் பேண்ட்ட தொப்பலா நனச்சது ஆரம்பாக்கத்துக்காரி இல்ல. நானு. பாவம், அவ மேல போடாத. ஒக்காரு, மொதல்லேர்ந்து சொல்றேன். நேத்து ஷேர் ஆட்டோல வர்ற வழியெல்லாம் அத நெனச்சி நானே சிரிச்சிக்கினு வந்தேன், பக்கத்துல ஒக்காந்திருந்தவன் தள்ளி ஒக்காந்துட்டான்.

ஹைவே மேல கீற அந்த ஆஸ்பத்திரில நா தொடைக்கற வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவப்போது. வூட்டுக்காரரு போன அப்பால மீன் கூடய தூக்கிக்கினு தெருத்தெருவா சுத்த முட்டி ஒத்துக்கல. கூடைக்கு மாப்பு லேசுன்னு நெனச்சேன். அங்க போனா வயசு இன்னான்னு கேட்டாங்க. எனக்கு எப்டி தெரியும்? எங்க ஊரு தோணிரேவுல ஒரு பெரிய பொயல் அடிச்சி பாதி குடிச போச்சாம், அப்போ நா தவழ்ந்துக்கினு இருந்தேனாம். எங்க நைனா சொன்னது. அதையே சொன்னேன். எந்தப் பொயலுன்னு எழுதிக்கினு இருந்தவரு கேட்டாரு. பெருசுன்னேன். அவரு பேனாவ கீழ வெச்சிட்டு கார்ட குடு ஆயான்னு வாங்கி, அதுல இன்னா போட்டுக்கீதோ அத எழுதிக்கினாரு.

அப்பால கட்ட வெரல வெக்க சொன்னாங்க. அந்த சின்ன பொட்டி என் வெரல எடுக்கவே மாட்டேன்னு சொல்லிடுச்சி. எறா உரிச்சி உரிச்சி ரேகையே தேஞ்சி போச்சாம். இன்னிக்கி வரைக்கும் மத்தவங்க ஒரு வாட்டி வெச்சிட்டு போறாங்க, நா நாலு வாட்டி பொடவைல தொடச்சி தொடச்சி வெக்கறேன். பொறந்ததுக்கும் சாட்சி இல்ல, வேலைக்கு வந்ததுக்கும் சாட்சி இல்ல, ஆனா ஆஸ்பத்திரி மட்டும் சுத்தமா கீது.

எங்க கூட்டத்துல பதினாலு பேரு. பதினோரு பேரு பொம்பளைங்க. புருஷன் போனவ, புருஷன் இருந்தும் இல்லாதவ, பேரன் பேத்தி எடுத்தவ, இப்டிதான். பாதி பேரு நம்மள மாதிரி ஏரிக்கர, பாதி பேரு ஆரம்பாக்கம் பக்கத்துல நாத்து நட்டு கள எடுத்துக்கினு இருந்தவங்க. கக்கூசு, வார்டு, ரத்தம், வாந்தி எல்லாம் எங்க பங்கு. ஆம்பளைங்க மூணு பேரு. ஒருத்தரு குப்ப வண்டி தள்றவரு. ரெண்டு பேரு மிஷின் புடிக்கறவங்க. மிஷின்னா, கீழ வட்டமா ஒரு பிரஷ்ஷு, மேல நீட்டா ஒரு புடி. கரண்ட்டு போட்டா சுத்தும், தரைய தேச்சி பளபளன்னு ஆக்கும். அது ஹாலுக்கும் வராண்டாவுக்கும் மட்டுந்தான், கக்கூசு பக்கம் எட்டிப் பாக்காது. அந்த ரெண்டு பேருக்கும் எங்கள விட நாளைக்கி நூத்தி இருவது ரூபா ஜாஸ்தி.

ஆரம்பாக்கத்துக்காரின்னு சொன்னேன் பாரு, அவ எங்கூட வார்டு பாக்கறவ. சின்ன வயசுதான். புருஷன் செங்க சூளைக்கிப் போனவன் அங்கியே ஒரு குடும்பம் வெச்சிக்கினான். ஒரே பொண்ணு, ஆறாவது படிக்குது. அவதான் ஒரு நாளு சோத்து நேரத்துல ஆரம்பிச்சா. நம்மள்ல யாராவது மிஷின் புடிச்சா அந்த நூத்தி இருவது நமக்கும் வருமில்ல, சூப்பர்வைசர கேட்டா இன்னான்னா. மெட்ராஸ்ல ஒரு வூட்ல தங்கி வேல செய்ய கூப்புட்றாங்களாம், துட்டு ஜாஸ்தியாம். ஆனா பொண்ண ஹாஸ்டல்ல தள்ளிட்டு போவணும். இங்கியே ரவ துட்டு கூட வந்தா போவ வேணாம்னு பாத்தா.

பதினோரு பொம்பளைங்களும் சாப்பாட்ட நிறுத்திட்டு யோசிக்கறாங்க. அப்போ யாரு வாய தொறந்தது? நாந்தான். பெரிய நாட்டாமையாட்டம் கால நீட்டி ஒக்காந்துக்கினு நாயம் சொன்னேன். உனக்கு தெரியாததா, நம்ம ஊர்ல படகுல நாலு பேரு போனா ஆறு பங்கு போடறாங்க. ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. படகு யாருதோ, அந்தப் பங்கு அவனுக்கு. அந்த மாதிரிதாண்டி இதுவும், அவங்க ரெண்டு பேரும் சொந்த மிஷின கொணாந்து ஓட்றாங்க, அந்த ஜாஸ்தி துட்டு மிஷினோட பங்கு, நீ வெறுங்கைய வீசிக்கினு வந்து படகு பங்கு கேப்பியான்னு கேட்டேன். எவ்ளோ அழகா சொன்னேன் தெரியுமா? ஏரிக்கர பொம்பளைங்க எல்லாம் ஆமாம் ஆமாம்னு தலைய ஆட்னாங்க. அவ தூக்கு சட்டிய மூடி எடுத்துக்கினு எழுந்து போயிட்டா.

சொந்த மிஷின்னு உனக்கு யார் சொன்னதுன்னு நீ கேப்ப. யாரும் சொல்லல. நானே கண்டுபுடிச்சேன். ரெண்டு பேர்ல மூத்த மிஷின்காரரு தடா பக்கத்து ஆளு, தெலுங்கு கலந்து பேசுவாரு, என்ன அவ்வான்னுதான் கூப்புடுவாரு, பாட்டின்னு. வேல முடிஞ்சா மிஷின தொடச்சி தன்னோட லுங்கிய போத்தி வெப்பாரு. கூட புடிக்கறவர தவுர வேற யாரும் தொட வுட மாட்டாரு. ஆயுத பூஜ அன்னிக்கி மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சி, பூ சுத்தி, எலுமிச்சங்கா வெச்சாரு. அடுத்தவன் படகுக்கு எவனாவது மஞ்ச பூசுவானா? இத விட இன்னா வேணும்னு நானா முடிவு பண்ணிக்கினேன்.

இதுக்கு மேல ஒண்ணு கீது, அத சொன்னா நீ மெய்யாலுமே விழுந்து சிரிப்ப. மிஷின் ஓடறப்போ அதோட வயரு ஹாலுக்கு குறுக்கால நீட்டமா கெடக்கும். நம்ம ஊர்ல விரிச்சி வெச்ச வலைய பொம்பள தாண்டுவாளா? தாண்டினா மீன் படாதுன்னு நம்மள எப்டி வளத்துக்கீறாங்க. அந்தாளு பொழப்பு கெடக்கூடாதேன்னு நா ஒரு நாளு கூட அந்த வயர தாண்டினது இல்ல. கையில பக்கெட்டு, தோள்ல மாப்பு, அந்த பக்கம் போவணும்னா எக்ஸ்ரே ரூம சுத்தி, மருந்து கவுண்டர சுத்தி, பின்னால படியேறி எறங்கி வருவேன். ரெண்டு வருஷமா! முட்டி வலிக்குதுன்னு அதே ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட மாத்திர வேற வாங்கிக்கினேன். நடக்கறது ஜாஸ்தியான்னு கேட்டாரு. வேல அப்டி சார்னேன்.

போன மாசம் அந்த மிஷினு பொகஞ்சி நின்னுடுச்சி. எனக்கு மனசே கேக்கல. படகு ஒடஞ்சவன் வூட்ல எப்டி இருக்கும், நாம பாத்ததுதான? மறுநாளு ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக்கினு போயி அந்தாளு பக்கத்துல ஒக்காந்து ஆறுதல் சொன்னேன். மனச உட்டுடாத நைனா, ஒரு கெட்ட நேரம், கடன ஒடன வாங்கியாவது சரி பண்ணிடு, மறுபடியும் எழுந்துக்கலாம்னு. முந்தானைல கண்ண கூட தொடச்சிக்கினேன். அவரு டீய குடிக்கவும் முடியாம துப்பவும் முடியாம என்னியே பாக்கறாரு.

“அவ்வா, இது என்னுதுன்னா நெனச்ச? கம்பெனிது. நாளைக்கி வேற அனுப்புவாங்க.”

“அப்ப உனுக்கு எதுக்கு நூத்தி இருவது ஜாஸ்தி?”

“மிஷின் புடிக்கறதுக்கு.”

“வேற எதுவும் இல்ல?”

“வேற இன்னா? புடியப் புடிச்சா துட்டு.”

எனக்கு கருவாட்ட திருப்பி கேக்கலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணிச்சு. அதுக்குள்ள அங்க ஆரம்பாக்கத்துக்காரி பொண்ண ஹாஸ்டல்ல சேக்கற பாரம் வாங்கிட்டு வந்துட்டா. மெட்ராஸ் வூட்டுக்கு சரின்னு சொல்லிட்டாளாம், மாசம் பொறந்ததும் போறாளாம். எல்லாம் என் வாயால. நா நேரா போயி அவ முன்னால நின்னு, படகு கம்பெனிதுடின்னேன். எந்தப் படகுன்னா. சொன்னேன். வயரு கதையும் சேத்து சொன்னேன், இன்னாத்துக்கு மறைக்கணும். அவ தலைய குனிஞ்சிக்கினா. அழுவுறான்னு நெனச்சேன். தோளு குலுங்குது, பாத்தா சிரிக்கறா.

“ஆயா, நா அந்த வயர ஒரு நாளைக்கி இருவது வாட்டி தாண்டறேன். அந்தாளு சம்பளம் கொறயவே இல்லியே”ன்னா.

ரெண்டு பேருமா சூப்பர்வைசர்கிட்ட போனோம். அவரு நல்லவருதான், ஆனா சிரிச்சிட்டாரு. அது வெயிட்டு பாட்டிம்மா, பொம்பளைங்களுக்கு கை தாங்காது, இழுத்துக்கினு போயிடும்னாரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சி. ஏரில எதிர்க்காத்துல கழி போட்டு படகு தள்ளினவ நானு, இந்த தட்டு என்ன இழுக்குமா, புது மிஷின கொண்டா சார்னேன். அவளுக்கு முன்னால நா போயி நின்னேன். அது என் ரெண்டாவது தப்பு.

புடிய அழுத்தினேன். அதுக்கு அப்பால நா ஒண்ணும் பண்ணல, எல்லாம் மிஷின்தான் பண்ணிச்சி. நா கழிய தள்றாப்ல பலமா தள்றேன், அது பக்கவாட்டுல ஓடுது. இழுத்தா இன்னும் வேகமா ஓடுது. நாற்காலி வரிசைல போயி இடிச்சி, பக்கெட்ட கவுத்து, சூப்பர்வைசர் மேல சோப்பு தண்ணிய அடிச்சி, என்ன தரைல ஒக்கார வெச்சிட்டு தானா நின்னுடுச்சி. ஒரு நோயாளிக்கி கால்ல கட்டு, அவன் கட்டோட எழுந்து ஓடிட்டான். சூப்பர்வைசரு பேண்ட்ட பாத்தாரு, என்ன பாத்தாரு, நா சொன்னேன்ல பாட்டிம்மான்னாரு. அவ்ளோதான், என்னால அவ பொழப்பு ரெண்டாவது வாட்டியும் போச்சின்னு தரையிலியே ஒக்காந்துட்டேன்.

அவ பொடவைய இழுத்து சொருகிக்கினு வந்தா. ரெண்டே வெரலால புடிக்கறாப்ல லேசா புடிச்சா. புடிய ரவ தூக்கினா இந்த பக்கம் போவுது, ரவ எறக்கினா அந்த பக்கம் வருது. வாச கோலத்த அழிக்கறாப்ல போறா, வர்றா. நா எக்ஸ்ரே ரூம சுத்திக்கினு இருந்த ரெண்டு வருஷமும் அவ அந்தாளு கையவே பாத்துக்கினு இருந்துக்கீறா. மிஷின்காரரு தூண் ஓரமா நின்னு, பாகுந்தி, பாகுந்தின்னு, நல்லாக்கீதுன்னு தலைய ஆட்றாரு.

ஆனா எங்களுக்கு சம்பளம் போட்ற காண்ட்ராக்டர கேட்டதுக்கு, போன்ல இன்னா சொன்னாரு தெரியுமா? பொம்பள புடிச்சா பாதி தர்றேன், அறுவதுன்னாரு. சூப்பர்வைசரு சங்கடமா வந்து சொன்னாரு. நா சண்டைக்கி சேலைய வரிஞ்சி கட்டிக்கினேன். அவ என்ன பின்னால தள்ளிட்டு மெதுவா, சரி சார்னா.

“பாதி துட்டுக்கு பாதி ஹாலு தேய்க்கறேன். எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க.”

அவரு வெளையாட்டுன்னு நெனச்சாரு. அவ செஞ்சிட்டா. மறுநாளு ஹாலு நடுவுல கோடு போட்டாப்ல கீது, இந்த பக்கம் முகம் தெரியுது, அந்த பக்கம் மங்கலு. நா ஒரு கூமுட்ட, அந்த பக்கம் அழுக்கா கீதேன்னு மாப்ப எடுத்துக்கினு தொடைக்கப் போயிட்டேன். அவ ஓடியாந்து கைய புடிச்சி இழுத்தா. ஆயா, உன் கால்ல வுழுவறேன், இன்னிக்கி ஒரு நாளு மட்டும் வேல செய்யாதன்னா. மிஷின்காரங்க ரெண்டு பேரும் அந்த பாதிய தொடல, மூணு நாளு அப்டியே கெடந்திச்சி. வர்ற ஜனம் எல்லாம் பளபளக்கற பக்கமே நடக்குது. நாலாவது நாளு பெரிய டாக்டரம்மா நின்னு இது இன்னான்னு கேட்டாங்க. மிஷின்காரருதான் பக்கத்துல வந்து, துட்டு பாதி மேடம், அதான் ஹாலும் பாதின்னாரு. அன்னிக்கி சாயங்காலமே முழுசா தர்றேன்னு போனு வந்திச்சி. இவ்ளோ நாளா ரெண்டு பேரு புடிச்ச மிஷின இப்ப மூணு பேரு மொற வெச்சி புடிக்கறாங்க.

அவ மெட்ராஸ் போவல. அந்த ஹாஸ்டல் பாரத்தோட பின்பக்கத்துல அவ பொண்ணு கணக்கு போட்டுக்கினு கீது, நானே பாத்தேன்.

எனக்கா? எனக்கு இன்னும் மாப்புதான், பழைய சம்பளந்தான். மிஷின் புடிக்க வார்டு பொம்பளைங்க மூணு பேரு எழுதிக் குடுத்துக்கீறாங்க, அதுல என் பேரு கடசி. மத்தியானம் கூட்டம் கொறஞ்சா அவ என் கையில புடிய குடுத்து பின்னால நிப்பா. ஆயா, தள்ளாத, தள்ளாதன்னு காதுல சொல்லிக்கினே இருப்பா. நேத்து செவுத்துல ரெண்டு வாட்டிதான் இடிச்சேன். சூப்பர்வைசரு என்ன பாத்தா பேண்ட்ட முட்டி வரைக்கும் மடிச்சி வுட்டுக்கினுதான் கிட்ட வர்றாரு. இன்னிக்கி வயர தாண்டிடலாம்னு கால தூக்கினேன் பாரு, அந்த கால எங்க வெக்கறதுன்னு தெரியாம ஒத்தக் கால்லியே நின்னுக்கினு...

இரு இரு, தெரு குழாய்ல சத்தம் கேக்குது, தண்ணி வந்துடுச்சி. ஒரு மணி நேரந்தான் வுடுவான். எழுந்துரும்மா, அந்த நீல கொடத்த எடுத்துக்கினு ஓடு, எனக்கும் சேத்து எடம் போடு, நா மத்ததுங்கள தூக்கிக்கினு வந்துட்றேன்.